ஒரே பாட்டி, ஒரே வார்டு, ரெண்டு அட்மிஷன்

"ராத்திரி 2.10. பேஷண்ட் பிதற்றுகிறார், ஒத்துழைக்கவில்லை, டூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது." இது என் கையெழுத்து, நான் ஒரு நர்ஸு. வேற எதுக்கோ பழைய கேஸ் ஷீட்ட எடுத்தப்ப இந்த வரி கண்ணுல பட்டுச்சு, எழுதுன அன்னைக்கு சரியாத்தான் எழுதுனேன்னு நெனச்சேன், இப்ப படிச்சா கூசுது. அதனாலதான் இந்த கேஸ முழுசா எழுதி வைக்கலாம்னு உக்காந்தேன். பாட்டியோட மருமககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன், ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்கள மாத்திருக்கேன், ஆஸ்பத்திரி பேரும் வேண்டாம். கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டுல பன்னெண்டு பெட்டு, நைட்டுக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸ் ஒரு ஆயா, அவ்ளோ தெரிஞ்சா போதும்.

பாட்டிக்கு 76 வயசு, டேன்டீ (அரசு தேயிலைக் கழகம்) காலனில வீடு. பொறந்தது வளந்தது எல்லாம் சிலோன், கண்டிப் பக்கம் ஒரு எஸ்டேட்டு லயத்துல (தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீடு), பன்னெண்டு வயசுலயே கூடை கட்டி கொழுந்து எடுக்கப் போனவங்க. இந்தியாவும் சிலோனும் 1964-ல போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்கப்பறம் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான பேர்ல இவங்க குடும்பமும் ஒன்னு, தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல எறங்கி, மண்டபம் கேம்ப்ல கெடந்து, அப்பறம் இங்க மலை ஏறுனாங்க. இப்படி வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் 1968-ல அரசு தேயிலைத் திட்டத்தையே ஆரம்பிச்சாங்க, அதுதான் பின்னாடி டேன்டீ ஆச்சு. ஆஸ்பத்திரி கேஸுல இந்தக் கதை எதுக்குன்னு தோணும், கொஞ்சம் பொறுங்க.

வீட்டுல எப்படி இருந்தாங்க? தனியா நடப்பாங்க, தோட்டத்து ஓரமா சுள்ளி பொறுக்கிட்டு வருவாங்க, ரேஷன் கடைக்கு அந்த மேட்டுல ஏறிப்போய் அரிசி தூக்கிட்டு வருவாங்க, சங்கத்துச் சீட்டுக் கணக்க பேப்பர் இல்லாம வாயாலயே சொல்லுவாங்க. கண்ணுல புரை எடுத்து கண்ணாடி போட்டிருக்காங்க, இடது காது மந்தம், பிபிக்கு ஒரு மாத்திரை. அவ்ளோதான். ஆனா இது எதுவும் மொத அட்மிஷன் ஷீட்ல கெடையாது, யாரும் கேக்கல, நானும் கேக்கல. ஷீட்ல இருந்தது "76 வயது பெண், இருமல், காய்ச்சல் 3 நாள், மூச்சுத் திணறல்".

மொத தடவ

நவம்பர் மாசம். கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் எங்களுக்குப் பெரிய மழை, அந்த வாரம் விடாம ஊத்திக்கிட்டு இருந்துச்சு. பாட்டிய ஒரு ஜீப்புல கொண்டு வந்தாங்க, கம்பளிய சுத்தி, தலையில மங்கி குல்லா, ஒதடு நீலம் பாஞ்சு இருந்துச்சு. சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்சிஜன் அளவு, நூத்துக்கு 84. இந்த உயரத்துல நல்லா இருக்குறவங்களுக்கே சமவெளிய விட ஒன்னு ரெண்டு கொறச்சலாத்தான் காட்டும், ஆனா 84-லாம் எந்த ஊருக்கும் கம்மி. எக்ஸ்ரேல வலது பக்கம் கீழ நிமோனியா. உடனே ஆக்சிஜன், ட்ரிப்ஸ், ரெண்டு ஆன்டிபயாடிக். இதுல ஒரு தப்பும் சொல்ல மாட்டேன், டாக்டர் பண்ணுனது எல்லாம் கரெக்ட்டு, நேரத்துக்கு மருந்து போகலைன்னா பாட்டி அன்னைக்கே போயிருப்பாங்க.

தப்பு எல்லாம் மருந்துக்கு வெளில நடந்துச்சு. கண்ணாடி வீட்டுலயே இருந்துருச்சு. டாய்லெட்டு வராண்டா கடைசில, மழை சாரல் அடிச்சு தரை எப்பவும் ஈரம், பாட்டி வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றதுன்னு யூரின் டியூப் போட்டுடலாம்னு கேட்டது நான்தான். டாக்டரும் சரின்னுட்டாரு. பெட்டோட ரெண்டு பக்கமும் கம்பிய தூக்கி விட்டாச்சு. மூக்குல ஆக்சிஜன், கையில ட்ரிப்ஸ், கீழ யூரின் டியூப், ஆக மொத்தம் பாட்டிய மூணு கயித்துல கட்டிட்டோம், நாலாவது கயிறு நெசமாவே கயிறுதான், அது அடுத்த நாள் ராத்திரி.

மருமகளுக்கு தோட்டத்து வேலை, சின்னப் பிள்ளை வேற இருக்கு, கடைசி பஸ்ஸுக்கு கெளம்பிடுவாங்க. மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனில. ராத்திரி கூட யாரும் இல்ல.

ரெண்டாவது நாள் ராத்திரி ஒரு மணிக்கு மேல சத்தம். பாட்டி ட்ரிப்ஸ புடுங்கி, பெட்ஷீட்டெல்லாம் ரத்தம், கம்பிக்கு மேல ஒரு கால தூக்கிப் போட்டு எறங்கப் பாக்குறாங்க. "பேரு கூப்புட்டாங்களா? எங்க கார்ட யாரு எடுத்தா? கப்பலு போயிரும்டீ"ன்னு ஒரே கத்தல். நான் போய் புடிச்சா என் கைய தட்டி விடுறாங்க, "தொரைகிட்ட சொல்லு, நாங்க ஆறு பேரு"ன்னு திரும்பத் திரும்ப. எனக்கு ஒன்னும் புரியல. மத்த பேஷண்டெல்லாம் எந்திரிச்சு உக்காந்துட்டாங்க, பக்கத்து பெட்டு அம்மா ஜன்னி கண்டுருச்சுன்னு சொன்னாங்க. (அவங்க சொன்னதுதான் அன்னைக்கு அந்த வார்டுல சொல்லப்பட்ட ஒரே சரியான டயக்னோசிஸ்.) டூட்டி டாக்டருக்கு போன் அடிச்சேன், ஒரு ஃபெனிரமைன் ஊசி போடச் சொன்னாரு, அலர்ஜிக்குப் போடுற ஊசிதான், தூக்கம் வரும்னு எல்லா எடத்துலயும் இப்படிப் போடுறது பழக்கம். அடங்கல. அப்பறம் நானும் ஆயாவும் ரோலர் பேண்டேஜால ரெண்டு கையையும் கம்பியோட கட்டுனோம். அதுக்கப்பறந்தான் நான் மேல சொன்ன வரிய எழுதுனேன்.

அடுத்த நாள் முழுக்க பாட்டி தூங்கிக்கிட்டே இருந்தாங்க. ரவுண்ட்ஸ்ல "இன்னைக்கு அமைதியா இருக்காங்க சார்"னு சந்தோஷமா சொன்னேன். சாப்பாடு எறங்கல, தண்ணி ரெண்டு வாய். இந்த அமைதியும் அதே வியாதிதான்னு அப்ப எனக்குத் தெரியாது. கத்துறவங்கள எல்லாரும் பாப்பாங்க, சும்மா சுருண்டு கெடக்குறவங்கள யாரும் பாக்க மாட்டாங்க, ஆனா வயசானவங்ககிட்ட இந்த ரெண்டாவது வகைதான் அடிக்கடி கண்ணுல படாம போகுது.

ஆறாவது நாள் டிஸ்சார்ஜ். காய்ச்சல் இல்ல, ஆக்சிஜன் இல்லாமயே 94, நெஞ்சு தெளிவு. டிஸ்சார்ஜ் பேப்பர்ல "முன்னேற்றம்"னு டிக். ஆனா பாட்டியால நிக்க முடியல. மகன் திருப்பூர்லேர்ந்து வந்து முதுகுல உப்பு மூட்டை தூக்கி ஜீப்புல ஏத்துனாரு, முதுகுக்குக் கீழ ரெண்டு ரூபா காசளவுக்குச் செவந்து தோல் உரிஞ்சிருந்துச்சு, அத டியூப் எடுக்கும்போதுதான் பாத்தேன். ஒரு ஆயின்மெண்ட் குடுத்து விட்டேன். ஆறு நாளைக்கு முன்னாடி அரிசி தூக்குனவங்க.

இதுக்கு என்னதான் பேரு

இத டெலிரியம்னு சொல்றாங்க, நம்ம ஊர்ல பழைய பேரு ஜன்னி, ஆனா ஜன்னின்னா காய்ச்சல்ல வர்றதுன்னு மட்டும் நெனச்சுக்கிறோம். காய்ச்சல் இல்லாமயும் வரும், ஆபரேஷன் முடிஞ்சு வரும், தண்ணி கொறஞ்சு வரும், மலச்சிக்கல்ல கூட வரும், மருந்தால வரும். அன்னைக்கு போட்ட ஃபெனிரமைன் மாதிரி ஊசி மூளைக்குள்ள கவனத்துக்கும் ஞாபகத்துக்கும் தேவையான அசிடைல்கோலின்ங்கற ரசாயனத்தோட வேலைய கொறைக்கும், கொழப்பத்துல இருக்குற வயசானவங்களுக்கு அது கொழப்பத்த இன்னும் கூட்டும். டயஸிபாம் மாதிரி தூக்க மருந்து வகையும் அப்படித்தான், குடிப்பழக்கத்த திடீர்னு நிறுத்தி வர்ற கொழப்பம் மாதிரி சில எடத்துல மட்டும் அது தேவை. மனநோய்க்குக் குடுக்குற ஹாலோபெரிடால் போட்டா சரியாயிரும்னு ரொம்ப பேர் நம்புறாங்க, 2018-ல வந்த ஒரு பெரிய ட்ரயல்ல ஐசியூ பேஷண்ட்ஸ் 566 பேர மூணா பிரிச்சு ஹாலோபெரிடால், அதே வகையில ஜிப்ராசிடோன், வெறும் டம்மி மருந்துன்னு குடுத்துப் பாத்தாங்க, கொழப்பம் இல்லாம இருந்த நாள் கணக்குல வித்தியாசமே இல்ல.

கண்டுபுடிக்கிறது ஒன்னும் பெரிய வித்தை இல்ல. ஷாரன் இனூயின்னு ஒரு அமெரிக்க டாக்டரம்மா 1990-லயே ஒரு மொறை போட்டுக் குடுத்துட்டாங்க: திடீர்னு வந்து ஏறி எறங்குதா, கவனம் நிக்கலையா, இது ரெண்டும் கட்டாயம் இருக்கணும், அதோட பேச்சு கோர்வையா இல்லாம இருக்கணும் இல்லைன்னா முழிப்பு நெலை மாறிருக்கணும். கவனத்தப் பாக்குறதுக்கு மாசங்கள தலைகீழா சொல்லச் சொல்லுவாங்க, எங்க பாட்டிங்களுக்கு அது சரிப்படாது, நான் கிழமைய திருப்பிச் சொல்லச் சொல்லுவேன், ஞாயிறு சனி வெள்ளின்னு. பள்ளிக்கூடமே போகாதவங்களும் சொல்லிடுவாங்க, ஜன்னில இருக்குறவங்க வெள்ளிக்கு அப்பறம் எங்கயோ போயிடுவாங்க.

அதே இனூயி 1999-ல எழுதுன ஆய்வுதான் எனக்கு மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. 70 வயசுக்கு மேல 852 பேஷண்ட்ஸ். அவங்க புது மருந்து எதுவும் குடுக்கல. ஞாபகக் கொழப்பம், தூக்கமின்மை, படுத்தே கெடக்குறது, கண் தெரியாதது, காது கேக்காதது, ஒடம்புல தண்ணி கொறையிறது, இந்த ஆறையும் எடுத்து ஒவ்வொன்னுக்கும் ஒரு சாதாரண வேலைய வச்சாங்க: இது எந்த எடம் என்ன கிழமைன்னு பேசுறது, ராத்திரி சூடா எதாவது குடிக்கக் குடுத்து முதுகு தேச்சு விடுறது, தெனம் மூணு தடவ நடக்க வைக்கிறது, கண்ணாடியும் காது மெஷினும் கையில இருக்கான்னு பாக்குறது, தண்ணி குடிக்க வைக்கிறது. வழக்கமான கவனிப்புல நூத்துக்கு 15 பேருக்கு டெலிரியம் வந்துச்சு, இவங்க வார்டுல 9.9. ஆனா ஒரு முறை வந்துட்டா அதோட தீவிரமோ திரும்பி வர்றதோ பெருசா கொறையலைன்னும் அவங்களே எழுதிட்டாங்க. வராம பாத்துக்குறதுலதான் பலன்.

எங்க பாட்டிக்கு இந்த ஆறுல எத்தனைன்னு எண்ணிப் பாத்தேன். மொத நாளே கண்ணும் காதும் போச்சு, அடுத்து தூக்கம் (ராத்திரி 12, 2, 4-னு பிபி பாக்க நானே எழுப்பிருக்கேன்), அடுத்து தண்ணி, அடுத்து படுக்கை. கூட்டிட்டு வரும்போது கொழப்பம் கொஞ்சமும் இல்ல, அஞ்ச நாங்க சேத்தோம், ஆறாவது தானா வந்துருச்சு.

படுக்கை விஷயம் தனியா சொல்லணும், ஏன்னா பெட் ரெஸ்ட்டுங்கற வார்த்தை மேல நம்ம ஜனங்களுக்கு தனி மரியாத. ரிச்சர்ட் ஆஷர்னு ஒரு டாக்டர் 1947-லயே பெட்டுல படுக்குறதோட ஆபத்தப் பத்தி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதிட்டாரு, ரத்தம் உறையும், நெஞ்சுல சளி கட்டும், எலும்பு கரையும், மலம் கட்டும்னு வரிசையா. 2007-ல ஒரு சோதனை, வயசான ஆனா நல்ல ஆரோக்கியமா இருந்த பன்னெண்டு பேர பத்து நாள் சும்மா படுக்க வச்சாங்க, கால்ல மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போயிருச்சு. வியாதி இல்லாதவங்களுக்கே அப்படி, நிமோனியாவோட சாப்பாடும் இல்லாம ஆறு நாள் படுத்தவங்களுக்கு என்ன மிஞ்சும். அமெரிக்காவுல 2003-ல வந்த இன்னொரு ஆய்வுல, ஆஸ்பத்திரில சேந்த 70 தாண்டுனவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு மேல, குளிக்க, உடுத்த, எந்திரிக்க, இப்படி எதோ ஒன்ன நோய் வர்றதுக்கு முன்னாடி தானா செஞ்சவங்க, செய்ய முடியாமத்தான் வீட்டுக்குப் போனாங்க. அவங்க டிஸ்சார்ஜ் பேப்பர்லயும் "முன்னேற்றம்"னுதான் டிக் ஆகிருக்கும்னு நெனைக்கிறேன்.

ரெண்டாவது தடவ

டிஸ்சார்ஜ் ஆகி பதினோராவது நாள் திரும்ப வந்துட்டாங்க. குளிர் காய்ச்சல், ஒன்னுக்கு எரிச்சல், வீட்டுல ஒரு தடவ அடுப்படில விழுந்தும் இருக்காங்க, நல்லவேள எலும்பு ஒடையல. யூரின்ல கிருமி. நான் போடச் சொன்ன டியூபு வழியா வந்ததான்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது, ஆனா டியூப் உள்ள இருக்குற ஒவ்வொரு நாளைக்கும் நூத்துக்கு 3-லேர்ந்து 7 பேருக்கு கிருமி சேரும்னு ஒரு கணக்கு இருக்கு, பாட்டிக்கு ஆறு நாள் இருந்துச்சு, அதுல கடைசி நாலு நாள் எதுக்கு இருந்துச்சுன்னு ஷீட்ட எவ்ளோ தேடுனாலும் காரணம் கெடையாது. எடுக்கணும்னு யாருக்கும் தோணல, அவ்ளோதான். ஹார்லன் க்ரம்ஹோல்ஸ்னு ஒரு டாக்டர் 2013-ல இதுக்கு ஒரு பேரே வச்சாரு, ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி வர்ற நோய்க்கூட்டம்னு வச்சுக்கலாம்: தூக்கம் கெட்டு, சாப்பாடு கெட்டு, சதை கரைஞ்சு, கொழம்பிப் போய் வீட்டுக்குப் போறவங்க, வந்த வியாதிக்காக இல்லாம வேற எதாவதுக்கு ஒரு மாசத்துக்குள்ள திரும்ப வந்துடுறாங்கன்னு. அமெரிக்காவுல அரசு இன்சூரன்ஸ்ல இருந்த வயசானவங்கள்ல அப்ப கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர் ஒரு மாசத்துக்குள்ள திரும்பி வந்தாங்களாம்.

அந்த வாரந்தான் எங்களுக்கு ஒரு புது டாக்டர் வந்திருந்தாங்க, சின்ன வயசு, முதியோர் மருத்துவத்துல ஆர்வம். ரவுண்ட்ஸ்ல பாட்டி பெட்டுகிட்ட நின்னு எங்க எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி, "போன மாசம் ஒன்னாந்தேதி இவங்க எப்படி இருந்தாங்க சிஸ்டர்?" யாருக்கும் தெரியல. "படுத்த படுக்கைதான் மேடம்"னு ஒருத்தங்க சொன்னாங்க. பின்னாடி நின்ன மருமக, "அய்யோ இல்லீங்க, மாமி அரிசி தூக்கிட்டு மேடு ஏறுவாங்க"ன்னாங்க. வார்டே அமைதி. அதுக்கப்பறந்தான் அந்தக்காவ உக்கார வச்சு அர மணிநேரம் பேசுனேன், அப்பதான் கண்ணாடி, காது, சீட்டுக் கணக்கு, சிலோன், கப்பல், எல்லாம் வந்துச்சு. மண்டபம் கேம்ப்ப பத்தி அந்தக்கா சொல்லச் சொல்ல எனக்கு ஒடம்பு சில்லுனு ஆச்சு. வரிசையா படுக்கை, பேப்பரோட வர்ற ஆபீசருங்க, பேரு கூப்புடுறது, பேரு வரலைன்னா குடும்பத்த விட்டு தனியா நின்னுடுவோமோன்னு பயம். கண்ணாடி இல்லாத, காது கேக்காத, காய்ச்சல்ல இருக்குற ஒரு பாட்டிக்கு ராத்திரி ஒரு மணிக்கு எங்க வார்டு வேற எப்படித் தெரிஞ்சிருக்கும்? அதுலயும் நான் கையில ஷீட்டோட போய் நின்னிருக்கேன்.

இந்த தடவ என்ன செஞ்சோம்னா, மொதல்ல கண்ணாடி, காலனிக்குப் போற ஜீப்புக்காரர்கிட்ட சொல்லி அன்னைக்கு சாயங்காலமே வந்துருச்சு. வலது காதுப் பக்கம் உக்காந்துதான் பேசணும்னு பெட்டுத் தலைமாட்டுல பேப்பர்ல எழுதி ஒட்டுனேன். ஜன்னல் ஓரத்துப் பெட்டுக்கு மாத்துனோம், வெளில தேயிலைச் சரிவு தெரியும். ஜன்னலுக்கும் ஒரு ஆய்வு இருக்கு, ராஜர் உல்ரிச்சுன்னு ஒருத்தர் 1984-ல எழுதுனது, பித்தப்பை ஆபரேஷன் முடிஞ்சவங்கள்ல ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க செவுரு மட்டும் தெரிஞ்சவங்கள விட முக்கா நாள் முன்னாடி வீட்டுக்குப் போனாங்களாம், ஒவ்வொரு பக்கமும் 23 பேர்தான், அதனால நான் அத ரொம்ப நம்பல, ஆனா பாட்டி காலைல எந்திரிச்சதும் வெளில பாத்து "கவ்வாத்து அடிச்சு விட்டுருக்கான், சரியா அடிக்கல"ன்னு சொன்னாங்க (கவ்வாத்துன்னா தேயிலைச் செடிய வெட்டி விடுறது). தான் எங்க இருக்கோம்னு அவங்களுக்கு அந்தச் சரிவு சொல்லிக் குடுத்துருச்சு, எந்த டாக்டரும் அவ்ளோ சீக்கிரம் சொல்லிருக்க முடியாது.

யூரின் டியூப் போடல. ஸ்டோர் ரூம்ல தூசி புடிச்சு கெடந்த கமோடு சேர கழுவி பெட்டு பக்கத்துல போட்டோம். ஆயாவுக்கு கோவம், வேலை கூடிருச்சுன்னு, நியாயமான கோவம். தண்ணிக்குத்தான் பெரும்பாடு, வார்டு இட்லியையும் தொட மாட்டாங்க, தண்ணியும் ஜில்லுனு இருக்குன்னு வேண்டாம்பாங்க. அப்பறம் மருமக ஒரு பிளாஸ்க்ல தேத்தண்ணி கொண்டு வந்து, கூட வர்க்கி, அத தொட்டுத் தொட்டு குடுத்தா ரெண்டு டம்ளர் எறங்குது. டாக்டரம்மாகிட்ட டீ குடுக்கலாமா மேடம்னு கேட்டதுக்கு, தண்ணி எந்த ரூபத்துல போனா என்னன்னு சிரிச்சாங்க, சாயங்காலத்துக்கு மேல மட்டும் பாலா குடுங்கன்னாங்க.

நடை. மொத நாள் பெட்டு ஓரத்துல கால தொங்கப் போட்டு உக்காந்ததுக்கே தலை சுத்துச்சு, பிபி எறங்குது. ரெண்டாவது நாள் ரெண்டு பேர் புடிச்சு நிக்க வச்சு ஆறு அடி. மூணாவது நாள் வாக்கரோட ஜன்னல் வரைக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவ பிபி, காய்ச்சல் இல்லைன்னா அப்பறம் காலைல ஆறுக்குத்தான், நடுவுல எழுப்பக் கூடாதுன்னு டாக்டரம்மா ஷீட்லயே எழுதிட்டாங்க. எழுதுனது முக்கியம், வாயால சொல்லிருந்தா அடுத்த டூட்டி சிஸ்டர் பயத்துலயே எழுப்பிருப்பாங்க.

இவ்ளோ செஞ்சும் மூணாவது நாள் ராத்திரி வந்துருச்சு. ரெண்டரை மணி இருக்கும், எந்திரிச்சு உக்காந்து கம்பளிய மடிக்கிறாங்க, மூட்டை கட்டுற மாதிரி. "பேரு கூப்புட்டாங்களா?"

நான் லைட்ட கொஞ்சமா போட்டு, கையில எதுவும் இல்லாம, வலது பக்கம் போய் உக்காந்தேன். "கூப்புட்டாச்சு பாட்டி. ஆறு பேரும் வந்து சேந்தாச்சு. இது கோத்தகிரி. நீங்க மலைக்கு வந்து அம்பது வருசம் ஆச்சு."

கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க. "நீ யாரு புள்ள?"

"நர்ஸு பாட்டி. இது ஆஸ்பத்திரி, காய்ச்சலுக்கு வந்திருக்கீங்க. மருமக விடிஞ்சதும் வருவாங்க."

"பெரட்டுக்கு நேரமாச்சா?" (பெரட்டுன்னா காலைல தோட்டத்துல பேரு கூப்புட்டு வேலைக்கு அனுப்புறது.)

"இன்னும் இல்ல, இருட்டா இருக்கு பாருங்க."

"அப்ப தேத்தண்ணி குடு."

சாயங்காலத்துக்கு மேல பால்தான்னு சொல்லிருந்தாங்க, சூடா பால் குடுத்தேன், இது தேத்தண்ணி இல்லைன்னு திட்டிட்டே குடிச்சாங்க. கமோடு சேர்ல உக்கார வச்சேன், ஒன்னுக்கு போனாங்க, ஒருவேள அதுதான் எழுப்பி விட்டுச்சோ என்னமோ. மூணே காலுக்கு தூங்கிட்டாங்க. ஊசி இல்ல, கட்டல. ஷீட்ல என்ன எழுதுறதுன்னு ரொம்ப நேரம் யோசிச்சு, "2.30: இடம், காலம் பற்றிய குழப்பம், பேசியதும் தெளிவு, சிறுநீர் கழித்தார், 3.15 உறக்கம்"னு எழுதுனேன்.

அஞ்சாவது நாள் வாக்கர புடிச்சு நடந்தே வராண்டா தாண்டி ஜீப்புக்குப் போனாங்க. முதுகுப் புண்ணு காஞ்சு வந்துருச்சு. அதுக்கப்பறம் மக்களைத் தேடி மருத்துவம் ஆளுங்க, 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச அந்தத் திட்டந்தான், பிசியோ ரெண்டு தடவ வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லிக் குடுத்துட்டு போனாங்களாம். ஒரு மாசத்துல வாசல் கொழாய் வரைக்கும் தனியா. மூணு மாசம் கழிச்சு மேடு ஏறி ரேஷன் கடைக்கும் போயிட்டாங்க, ஆனா அரிசிய பேத்தி தூக்குறா, "அப்பாயி கைய வீசிக்கிட்டு வருது"ன்னு கிண்டல் வேற. சீட்டுக் கணக்கு இப்ப அப்பப்ப தடுமாறுது. பழைய நிலைமைக்கு முழுசா வரல, வருவாங்கன்னும் எனக்குத் தோணல.

இத வச்சு என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது

ஒரு ஆள வச்சு எதையும் நிரூபிக்க முடியாது, அது தெரியும். ரெண்டாவது தடவ வியாதியே லேசு, ஆக்சிஜன் தேவைப்படல, அதுவே பாதி வித்தியாசம். மழைல மேட்டுப்பாளையம் ரோட்டுல மண்ணு சரிஞ்சு ரெண்டு நாள் வண்டி கம்மி, வார்டுல பன்னெண்டுல ஏழு பெட்டுதான் ஆளு, அதனாலதான் என்னால ராத்திரி முக்கா மணிநேரம் ஒருத்தர் பக்கத்துல உக்கார முடிஞ்சுது. பன்னெண்டும் ஃபுல்லா இருந்து ஒரு விஷம் குடிச்ச கேஸும் வந்திருந்தா அன்னைக்கும் ரோலர் பேண்டேஜத்தான் தேடிருப்பேனோன்னு ஒரு பயம் இருக்கு.

இன்னொன்னு எனக்கு உறுத்துறது. இந்தக் கதைய எங்க மீட்டிங்ல சொன்னதும் எல்லாரும் சொன்ன ஒரே முடிவு, "அப்ப அட்டெண்டர கட்டாயமாக்கிடலாம், கூட இருக்குறவங்களுக்கு ட்ரெயினிங் குடுத்துடலாம்". கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இனூயி வார்டுல அந்த வேலையச் செஞ்சது வீட்டு ஆளுங்க இல்ல, அதுக்குன்னே நர்ஸு, பிசியோ, பயிற்சி குடுத்த தன்னார்வலர்னு ஒரு டீமே இருந்துச்சு. வீட்டு ஆளுங்க தலையில போட்டா என்ன ஆகும்னு நம்ம நாட்டுலயே பெருசா பாத்துட்டாங்க: பக்கவாதம் வந்தவங்களுக்கு குடும்பத்தாரே பயிற்சி குடுக்குறதுன்னு 14 ஆஸ்பத்திரில 1,250 பேர வச்சு ஒரு ட்ரயல், அட்டெண்ட்னு பேரு, 2017-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு இறந்தவங்க, அடுத்தவங்க கைய எதிர்பாக்குறவங்க கணக்கு ரெண்டு பக்கமும் நூத்துக்கு 47, ஒரு புள்ளி கூட நகரல. பக்கவாதமும் டெலிரியமும் வேற வேறதான், அப்படியே பொருத்தக் கூடாது. ஆனா மருமக அஞ்சு நாள் வேலைக்குப் போகாம இருந்தாங்க, அஞ்சு நாள் சம்பளம் போச்சு, அது எங்க டிஸ்சார்ஜ் பேப்பர்ல எந்தக் கட்டத்துலயும் வராது. அந்தக்காகிட்ட நான் கேக்க வேண்டியது தகவல், அது அவங்ககிட்ட மட்டுந்தான் இருக்கு. ராத்திரி வேலை என்னோடது.

வார்டுல மாறுனது கொஞ்சந்தான். கமோடு சேர் இப்ப ரெண்டு. யூரின் டியூப் போட்டா ஏன்னு காரணம் எழுதணும், தெனம் ரவுண்ட்ஸ்ல "இன்னைக்கு எடுக்கலாமா"ன்னு கேக்கணும், இத டாக்டரம்மா இருக்குற அன்னைக்கு கேக்குறோம். தூக்கத்துக்கு அலர்ஜி ஊசி போடுறது இன்னும் ஒரு டூட்டி டாக்டர் விடல, என்னைய விட ரொம்ப சீனியர், வாதாட முடியாது, "சார் கொழப்பம் மாதிரி இருக்கு, நான் பேசிப் பாக்குறேன், அர மணிநேரம் டைம் குடுங்க"ன்னு கேட்டு வாங்குறேன்.

அட்மிஷன் ஷீட்ட மாத்தணும்னு எழுதிக் குடுத்தோம், பிரிண்டு ஆகி வர ஏகப்பட்ட கையெழுத்து வேணுமாம். அதனால பஜார்ல ஒரு ரப்பர் ஸ்டாம்பு செஞ்சுட்டு வந்தேன், என் காசுதான். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க, கண்ணாடி, காது, பல் செட்டு, நடை, ஒன்னுக்கு, எந்தப் பக்கம் உக்காந்து பேசணும், அவ்ளோதான் அதுல. 65-க்கு மேல யாரு வந்தாலும் குத்தணும்னு பேச்சு. போன வாரம் எண்ணிப் பாத்தேன், பதினோரு ஷீட்டுல ஏழுல குத்திருக்கு, அதுல நாலுதான் நெரப்பிருக்காங்க.